ஸ்கீன்ஸை விக்காதீங்க சாமி, பர்ஸைத் திறங்க!

முதல்லயே சொல்லிடறேன், இது பேஸ்பால் பதிவு. கிரிக்கெட் தவிர வேற பந்து கண்ணுல பட்டாலே அலர்ஜி ஆகறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம். மத்தவங்க ஒரு காபியோட உக்காருங்க. கொஞ்சம் நீளம், நிறைய வயித்தெரிச்சல் :-)

நான் குப்பை கொட்டற ஊரு பிட்ஸ்பர்க். ஊரோட அணி பைரேட்ஸ். அக்டோபர் வந்தா மத்த ஊர்க்காரங்க உலகத் தொடர் பார்ப்பாங்க. நாங்க "அடுத்த வருஷத்துக்கு யாரை வாங்கலாம்"னு லிஸ்ட் போடுவோம். எங்களுக்கு ஆஃப் சீசன்தான் சீசனே. அப்படி ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "பேசாம ஸ்கீன்ஸை வித்துட்டு அஞ்சாறு இளம் பசங்களை வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல டீம் எங்கேயோ போயிடும்"னார். தயிர்சாதம் தொண்டையிலேயே நின்னுடுச்சு. அவர்கிட்ட சொல்ல விட்டுப் போன பதில்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். பைரேட்ஸ் 19-ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச அணி. கடைசியா உலகத் தொடர் ஜெயிச்சது 1979-ல. 1992 அக்டோபர்ல இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தா உலகத் தொடர்ங்கற நிலைமை. அட்லாண்டாவோட கடைசி ஆட்டத்துல, கடைசி இன்னிங்ஸ்ல கோட்டை விட்டாங்க. அந்தக் குளிர்காலத்துலயே பாரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிப் போயிட்டார். அப்புறம் 1993-ல இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன் ஜெயிச்சதை விட தோத்ததுதான் அதிகம். வட அமெரிக்க விளையாட்டு வரலாற்றிலேயே வேற எந்த அணியும் இப்படி ஒரு சாதனை செஞ்சதில்ல. அவ்வ்வ்வ்.

2013, 14, 15-ல மட்டும் மூணு வருஷம் வெளிச்சம். 2015-ல 98 ஆட்டம் ஜெயிச்சும் ஒரே ஒரு நாக்அவுட் ஆட்டத்துல சிகாகோ கப்ஸ்கிட்ட வெளியேறினோம். அதுக்கப்புறம் மறுபடியும் இருட்டு. 2021-ல 101 தோல்வி, 2022-ல 100 தோல்வி. இதுக்குப் பேரு "ரீபில்ட்"னு சொன்னாங்க. சரி, கட்டுங்கன்னு காத்திருந்தோம். 2025-ல 71 வெற்றி, 91 தோல்வி. கட்டடம் இன்னும் பேஸ்மென்ட்லயே நிக்குது.

இந்தக் குப்பைமேட்டுல ஒரு மாணிக்கம் கிடைச்சுது. பால் ஸ்கீன்ஸ். 2023 டிராஃப்ட்ல முதல் ஆள். 2024-ல சிறந்த புதுமுகம். 2025-ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, அதுவும் ஒரு ஓட்டு கூட சிதறாம. அந்த வருஷம் அவரோட இ.ஆர்.ஏ. 1.97. அதாவது 9 இன்னிங்ஸ் போட்டா சராசரியா ரெண்டு ரன் கூட விடமாட்டார். இப்படிப்பட்ட மனுஷனோட வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? 10 வெற்றி, 10 தோல்வி!

காரணம் சிம்பிள். நம்ம பசங்க அடிக்கல. 2025-ல பைரேட்ஸ் மொத்தமா அடிச்ச ஹோம் ரன் 117. முப்பது அணியில கடைசி. அணியிலேயே அதிகமா அடிச்ச ஓ'நீல் க்ரூஸ் அடிச்சதே 20 தான், அவரோட பேட்டிங் சராசரியும் .200. எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, உலகத்தரமான ஒரு சர்வரை வாங்கி, அதை டயல்-அப் லைன்ல மாட்டி வெச்சிருக்காங்க.

இனி சாக்குப்போக்குகளுக்கு வருவோம்.

சாக்கு 1: "நாம சின்ன ஊரு, நம்மகிட்ட காசு இல்ல."

ஐபிஎல் மாதிரி எல்லா அணிக்கும் ஒரே அளவு பர்ஸ் இங்க கிடையாது, ஒத்துக்கறேன். ஜுவான் சோட்டோவுக்கு 2024 டிசம்பர்ல நியூயார்க் மெட்ஸ் 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்தாங்க. அந்த ஆட்டத்துல நாம இல்ல, இருக்கவும் வேணாம். ஆனா ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்துல 48% பொதுப் பானையில போட்டு முப்பது பேரும் சமமாப் பிரிச்சுக்கறாங்க. தேசிய டிவி காசும் சமபங்குதான். அந்தப் பானையில லாபம் பார்க்கறது நம்மள மாதிரி சின்ன ஊருதான். அந்தக் காசு எதுக்கு வருது? அணியை பலப்படுத்த. வட்டிக்கு விட இல்ல.

சின்ன ஊருக்கு உதாரணம் வேணுமா? கான்சாஸ் சிட்டி. 2023-ல 106 தோல்வி. நம்மள விடக் கேவலம். அவங்க அந்த ஆஃப் சீசன்ல "இன்னும் அஞ்சு வருஷம் பொறுங்க"ன்னு சொல்லல. செத் லூகோவுக்கு 3 வருஷம் 45 மில்லியன், மைக்கேல் வாக்காவுக்கு 2 வருஷம் 32 மில்லியன். தங்களோட சொந்த நட்சத்திரம் பாபி விட் ஜூனியருக்கு 2024 பிப்ரவரியில 11 வருஷம், 288 மில்லியன் டாலருக்கு மேல. அடுத்த சீசன்? 86 வெற்றி. முப்பது ஆட்டம் கூடுதல்! பிளேஆஃப்ல பால்டிமோரைத் தோக்கடிச்சாங்க. லூகோ சை யங் ஓட்டெடுப்புல ரெண்டாவது, விட் பேட்டிங் சாம்பியன். ஒரே ஒரு குளிர்காலத்துல நடந்த கூத்து இது.

இன்னொன்னு மில்வாக்கி. பிட்ஸ்பர்க்கை விடச் சின்ன ஊரு. 2025-ல 97 வெற்றி, லீக்கிலேயே நம்பர் ஒன். அவங்களும் சோட்டோ மாதிரி ஆளையெல்லாம் வாங்கல. ஜாக்சன் சூரியோன்னு ஒரு பையன், மேல் மட்டத்துல ஒரு பந்து கூட ஆடறதுக்கு முன்னாடியே 8 வருஷம் 82 மில்லியனுக்கு 2023 டிசம்பர்ல வளைச்சுப் போட்டாங்க. ஆள் மேல நம்பிக்கை இருந்தா முன்கூட்டியே காசைப் போடணும். அதுதான் சின்ன ஊரோட சாமர்த்தியம். சின்ன ஊருங்கறது ஒரு கஷ்டம்தான், ஆனா அது மருத்துவ சான்றிதழ் இல்ல, வருஷா வருஷம் காட்டி லீவு எடுக்கறதுக்கு.

சாக்கு 2: "இளம் பசங்க வளரட்டும், பொறுமையா இருங்க."

இளம் பிட்சர்னா என்னன்னு நினைக்கிறீங்க? வங்கியில போட்ட வைப்புநிதியா? ஜாரெட் ஜோன்ஸ் 2024-ல வந்து அசத்தின பையன். 2025 மே மாசம் முழங்கையில அறுவை சிகிச்சை, அந்த சீசன் போயே போச்சு. மணிக்கு 100 மைல் வேகத்துல எறியற எந்தக் கைக்கும் உத்தரவாதம் கிடையாது, ஸ்கீன்ஸ் கை உட்பட. அதனாலதான் சொல்றேன், கை நல்லா இருக்கறப்பவே ஜெயிக்கற வழியைப் பாருங்க.

சாக்கு 3: "ஸ்கீன்ஸை வித்துடலாம்."

என் நண்பரோட ஐடியா. ஐயா, இந்தப் படத்தை நாம ஏற்கனவே பார்த்தாச்சு. ஜெரிட் கோல். அவரும் நம்ம டிராஃப்ட்டோட முதல் ஆள்தான், 2011-ல. 2018 ஜனவரியில ஹூஸ்டனுக்கு அனுப்பி நாலு பேரை வாங்கினோம். கோல் அங்க போய் பெரிய ஆளாகி, 2019 டிசம்பர்ல யாங்கீஸ்ல 324 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டு, 2023-ல சை யங் வாங்கினார். வந்த நாலு பேர்ல தேறினது ஜோ மஸ்குரோவ். அவரையும் 2021 ஜனவரியில சான் டியேகோவுக்கு அனுப்பிட்டோம். போன மூணாவது மாசமே அந்த அணியோட வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர் போட்டுக் காட்டினார். விக்கறதுலயும் லாபமில்ல, வாங்கினதைக் காப்பாத்தவும் தெரியல.

அதே 2018 ஜூலையில ஆர்ச்சரை வாங்கறேன்னு கிளாஸ்னோ, மெடோஸ், ஷேன் பாஸ் மூணு பேரையும் டாம்பா பேக்குத் தூக்கிக் கொடுத்தது இன்னொரு சோகம். அதைப் பத்தி எழுதினா கீபோர்டு ஈரமாயிடும், வேணாம்.

சரி, குறை மட்டும் சொன்னா எப்படி? எனக்கு என்ன வேணும்? லிஸ்ட் இதோ.

ஒண்ணு. கடிகாரத்தைப் பாருங்க. ஸ்கீன்ஸ் 2029 சீசன் வரைக்கும்தான் அணியோட கட்டுப்பாட்டுல. முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்ச சம்பளம். 2025-ல அவரோட சம்பளம் பத்து லட்சம் டாலர் கூட இல்ல! உலகத்தோட சிறந்த பிட்சர் இந்த விலைக்குக் கிடைச்சா, மிச்சமாகற காசை பேட்டர்கள் மேல போடறதுதானே நியாயம்? மிச்சம் பிடிச்சதையும் மிச்சம் பிடிச்சா எப்படி?

ரெண்டு. மைதானத்துக்கு ஏத்த ஆளை வாங்குங்க. பி.என்.சி. பார்க்ல இடது பக்க மைதானம் ஆழம், ஒரு மூலையில 410 அடி. வலது பக்கக் கோடு 320 அடிதான். இடது கை பேட்டருக்கு அது வரம். தூக்கி அடிச்சா அலகேனி ஆத்துலயே விழும். இடது கை பவர் பேட்டர் ரெண்டு பேர் எப்பவும் அணியில இருந்தாகணும்.

மூணு. பிட்சிங்ல உபரி இருக்கறப்ப அதை பேட்டிங்கா மாத்துங்க. ஸ்கீன்ஸைத் தவிர வேற யாரா இருந்தாலும் பேசலாம்.

நாலு. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில ஜனவரி கடைசியில, எல்லாரும் வாங்கினது போக மிச்சம் மீதியை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கற பழக்கத்தை விடுங்க. 2014 டிசம்பர்ல லிரியானோவுக்குக் கொடுத்த 39 மில்லியன்தான் 2025 சீசன் முடியற வரைக்கும் இந்த அணி வெளிச்சந்தையில கொடுத்த அதிகபட்சம். சோட்டோ வாங்கறதுல ஒரு வருஷக் காசு கூட இல்ல.

நியாயமாப் பேசணும்னா, 2025-26 குளிர்காலத்துல கொஞ்சம் கண் திறந்தாங்க. டாம்பா பேயில இருந்து பிராண்டன் லோ, ரெண்டு வருஷம் 29 மில்லியனுக்கு ரையன் ஓ'ஹெர்ன். ரெண்டு பேருமே இடது கை. லோவுக்காகக் கொடுத்தது ஒரு இளம் பிட்சரை. அதாவது என் லிஸ்ட்ல ரெண்டாவதும் மூணாவதும் ஒரே சமயத்துல! கைல் ஷ்வார்பரைக் கூடக் கேட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, அவர் பிலடெல்பியாவுலயே தங்கிட்டார். சந்தோஷம்தான். ஆனா கொடுக்க நினைச்ச காசு ஹோம் ரன் அடிக்காது. ஒரு குளிர்காலம் பர்ஸைத் திறந்துட்டு, அது உடனே பலிக்கலைன்னா "பார்த்தீங்களா, செலவு பண்ணியும் பிரயோஜனமில்ல"ன்னு திரும்ப ஜிப்பை இழுத்து மூடறதுதான் என் பயமே. 2029 வரைக்கும் வர்ற ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் இருக்கணும்.

காசு போட்டா கப்பு நிச்சயமான்னு கேக்காதீங்க. சோட்டோவை வாங்கின மெட்ஸ் 2025-ல பிளேஆஃபுக்கே போகல. நிச்சயம் யாருக்கும் இல்ல. ஆனா முயற்சியே பண்ணாதவன் தோத்தா அதுக்குப் பேரு துரதிர்ஷ்டம் இல்ல.

சிரிப்பான விஷயம் ஒண்ணு. 2008 நவம்பர்ல ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு இந்தியப் பசங்களை டிவி போட்டியில கண்டுபிடிச்சு ஒப்பந்தம் பண்ணினது இதே பைரேட்ஸ்தான். 2014-ல டிஸ்னி படமா வந்துச்சே, நம்ம ரஹ்மான் இசையில, அந்தக் கதைதான். எனக்கு இந்த அணி பேரே அந்தப் படத்தாலதான் தெரியும். இப்ப யோசிச்சா புரியுது, மலிவா ஆள் கிடைக்கும்னா இவங்க உலகத்தோட எந்த மூலைக்கும் போவாங்க. பக்கத்துல இருக்கற சந்தைக்கு மட்டும் போகமாட்டாங்க :-)

கடைசியா ஒண்ணு. 2025 கோடையில ஸ்கீன்ஸ் போட்ட ஒரு ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், மகளோட. வலது பக்கச் சுவரோட உயரம் ஏன் 21 அடின்னு எனக்கு விளக்கினார். கிளெமெண்ட்டேயோட சட்டை எண் 21. நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் எடுத்துட்டுப் போற வழியில, 1972 டிசம்பர் 31-ல விமான விபத்துல செத்துப்போன மனுஷன். சொல்லும்போது அவருக்குக் குரல் லேசா உடைஞ்சுது.

அப்புறம் சொன்னார்: "எங்கப்பா 1960, 1971, 1979 மூணையும் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப 1979-ஐ மட்டும் விவரம் தெரிஞ்சு பார்த்தேன். இவ இன்னும் ஒண்ணு கூடப் பார்க்கல. எங்க வீட்டுல இந்த அணியைக் கொடுத்துட்டுப் போறது வழக்கம். இவளுக்குக் கொடுக்கறது நல்லதா, பாவமான்னு தெரியல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஏழாவது இன்னிங்ஸ் முடிச்சுட்டு ஸ்கீன்ஸ் உள்ள போனார். ஸ்கோர்போர்டுல நம்ம பக்கம் முட்டை. அந்தப் பொண்ணு எழுந்து நின்னு கை தட்டிட்டே இருந்தா.

அந்தக் கைதட்டலுக்கு 2029 வரைக்கும்தான் டைம் இருக்கு முதலாளி. பர்ஸைத் திறங்க.

டிஸ்கி: என் ஆபீஸ் நண்பர் தமிழ் படிப்பார். இதைப் பார்த்துட்டு நாளைக்கு தயிர்சாதத்துல பங்கு கேக்க மாட்டார்னு நம்பறேன்.