குழாய் மாற்றமும் குடியானவர் கவலையும்

பூமிக்கடியில் புதைத்த இரும்பு என்றென்றும் நிலைத்திராது. எரிவாயுக் குழாய்களுக்கும் ஆயுள் உண்டு. காவேரிப் பாசன ஜில்லாக்களில் எண்ணெயும் எரிவாயுவும் செல்லும் குழாய்கள் பல வருஷங்களாக வயல்களுக்கடியில் கிடக்கின்றன. அவற்றுள் பழுதடைந்தவற்றை நீக்கிப் புதியன பதிக்கவேண்டிய அவசியம் இனி அடிக்கடி நேரும். அந்த வேலை எவ்விதம் திட்டமிடப்படுகிறது, அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொதுஜனங்கள் இப்பொழுதே ஆலோசிப்பது நலம்.

பழைய குழாயை மாற்றுவதில் நமக்கு ஆக்ஷேபம் எதுவும் இல்லை. மாற்றாவிட்டால் என்ன நேரும் என்பதை 2014-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில் ஆந்திர தேசம் கண்டது. கிழக்குக் கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த நகரம் என்னும் கிராமத்தில் கெயில் கம்பெனியின் 18 அங்குலக் குழாய் வெடித்தது. இருபது பேருக்கு மேல் மாண்டனர். வீடுகளும் தென்னைகளும் கரிந்தன. ஈரம் கலந்த வாயு ஓடியதால் குழாயின் உட்புறம் அரித்துப்போயிருந்தது. ஆகவே, குழாய் மாற்றம் கம்பெனியின் லாபத்துக்கு மட்டுமன்று, அக்குழாயின்மேல் வாழும் ஏழைகளின் உயிருக்கும் வேண்டிய காரியமே. நாம் கேட்பது, அது நியாயமான முறையில் நடக்கவேண்டும் என்பதுதான்.

இவ்விஷயத்தை ஆளுவது 1962-ம் வருஷத்துப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். இச்சட்டப்படி நிலம் குடியானவன் பெயரிலேயே இருக்கும். அதன் அடியை உபயோகிக்கும் உரிமை மட்டும் சர்க்காருக்கோ கம்பெனிக்கோ போய்விடும். ஆனால் அந்தப் பட்டையில் அவன் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, குளம் தோண்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. ஆக்ஷேபணை சொல்ல 21 நாள் தவணை. சேதத்துக்கு நஷ்டஈடு போக, உரிமைக்கு விலையாக அவனுக்குக் கிடைப்பது முதல் அறிவிப்புத் தேதியில் நிலத்துக்கு இருந்த மார்க்கெட் மதிப்பில் நூற்றுக்குப் பத்து. பட்டா அவனுடையது, வரி அவனுடையது, அதிகாரம் மட்டும் வேறொருவருடையது!

இந்தப் பத்துச் சதவீதம் ஒரே தடவைதான். பாரமோ ஒரு தடவையோடு தீர்வதில்லை. குழாயைப் பரிசோதிக்கவும், பழுது பார்க்கவும், மாற்றவும், அகற்றவும் நிலத்தில் பிரவேசிக்கலாம் என்றும், அதற்கு நியாயமான முன்னறிவிப்புத் தந்தால் போதும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. அவசரமானால் அதுவும் வேண்டியதில்லை. நியாயமான முன்னறிவிப்பு எத்தனை நாள்? உத்தியோகஸ்தருக்கு அது ஒரு வாரமாகத் தோன்றலாம். குடியானவனுக்கோ ஒரு போகமே கணக்கு. ஜூன் மாதம் மேட்டூர் திறந்தால் குறுவை, அதன்பின் சம்பா, தை அறுவடை முடிந்து கோடையில்தான் வயல் ஓய்ந்து கிடக்கும். அந்த இடைக்காலத்தில் முடிக்கவேண்டிய வேலையைக் கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் ஆரம்பித்தால், பாழாவது பயிர் மட்டுமன்று, அதை நம்பி வாங்கிய கடனும்தான்.

மண்ணின் நஷ்டமோ நஷ்டஈட்டுக் கணக்கில் எளிதில் ஏறுவதில்லை. பள்ளம் தோண்டும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிட்டால், தலைமுறை தலைமுறையாக எருவிட்டு வளர்த்த வளம் கெடும். கனமான யந்திரங்கள் ஏறி இறங்கிய களிமண் இறுகிப்போகும். வாய்க்காலும் வடிகாலும் மட்டம் மாறினால், அந்த ஒரு வயல் மட்டுமின்றிக் கீழ்மடை வயல்களும் துன்புறும். அழிந்த பயிருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடினால், பின்வரும் போகங்களில் குறையும் விளைச்சலுக்கு யார் பொறுப்பாளி?

இன்னொரு சங்கதியும் உண்டு. வாயு ஓட்டம் நிற்கக்கூடாதென்று பழைய குழாயை வேலையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதைப் பதிப்பது வழக்கம். அப்பொழுது தடை விழுந்த பட்டை அகன்றுபோகலாம். ஓய்வுபெற்ற குழாய் மண்ணுக்குள்ளேயே விடப்பட்டால், மரம் வைக்கக்கூடாதென்ற தடையும் அதோடு கிடக்குமா? உபயோகமற்றுப்போன குழாயின் பெயரால் உபயோக உரிமை நீடிப்பது விபரீதமன்றோ?

ஜனங்களைக் கலக்காமல் போடும் திட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி உண்டு. கோயமுத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை 7 ஜில்லாக்களில் சுமார் 310 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் வகுத்தபோது விவசாயிகள் எதிர்த்தனர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி தமிழ்நாடு சர்க்காரும் 2013-ல் கூறினர். 2016-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியின் கட்சி ஜயித்தது. ஆனால் கோர்ட்டில் ஜயித்தால் குடியானவன் மனம் மாறிவிடுமா? 2017-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி தஞ்சை ஜில்லா கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, ஜனங்கள் நியாயம் கேட்டுத் திரண்டனர். அவர்களுக்குக் கிடைத்த பதில் தடியடியும் சிறையுமே. நம்பிக்கை அழிந்த இடத்தில், பழுது பார்க்க வருபவனும் பகைவனாகவே தோன்றுவான்.

தேசத்தின் தேவைக்குச் சிலர் கஷ்டப்பட வேண்டியதுதானே என்பார் சிலர். தேசத்தின் தேவையானால் தேசமே விலை கொடுக்கட்டும். அதை ஒரு கிராமத்து ஐந்தாறு குடும்பங்களின் தலையில் சுமத்துவது தர்மமாகாது.

ஆகையால் நாம் கோருவன இவை. குழாய் மாற்றும் உத்தேசத்தை ஒரு முழு விவசாய வருஷத்துக்கு முன்பாகவே கிராம சபையில் தமிழில் வரைபடத்தோடு தெரிவிக்கவேண்டும். அவசர ஆபத்து நீங்கலாக, மற்ற வேலைகளைக் கோடையிலேயே முடிக்கவேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் பரப்பவேண்டும். குறைந்த விளைச்சலுக்குச் சில போகங்கள் வரை ஈடு தரவேண்டும். பயிருக்குரிய தொகை, மடத்து நிலத்தையும் கோயில் நிலத்தையும் உழும் குத்தகைக் குடியானவன் கைக்கே நேரே போகவேண்டும். குழாய் மாற்றும் ஒவ்வொரு முறையும் உரிமையின் விலையை அன்றைய மதிப்பில் மறுபடி கணக்கிடவேண்டும். பழைய குழாய் ஓய்ந்த அன்றே அதன் தடையும் நீங்கவேண்டும். இதற்குச் சட்டத்தைத் திருத்தவேண்டுமானால், அதைப் பார்லிமெண்டில் வற்புறுத்துவது நம் பிரதிநிதிகளின் கடமை.

அரித்துப்போன இரும்பை மாற்ற முன்வருகிறவர்கள், அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட இந்தச் சட்டத்தையும் கூடவே மாற்ற முன்வருவார்களா? மத்திய சர்க்காரின் பதிலைக் குடியானவர்களோடு நாமும் எதிர்பார்க்கிறோம்.