டிஸ்கஸ் மீனுக்குத் துணை தேடுறீங்களா? முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்!

அலங்கார மீன்களின் ராஜா என்று டிஸ்கஸுக்குப் பெயர். தட்டு போல வட்டமான உடல், அலட்டிக்கொள்ளாத நீச்சல், கண்ணைப் பறிக்கும் நிறம். விலையும் ராஜா விலைதான். இவ்வளவு செலவழித்து வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதோட வேற என்ன மீன் விடலாம்?"

கடையில் அடிக்கடி கிடைக்கும் பதில், "எதுவேணா விடலாம் சார், ஒண்ணும் ஆகாது." பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. சில வாரங்களில் ஒரு மீன் ஒதுங்கும், இன்னொன்று சாப்பாட்டை நிறுத்தும். பழி தண்ணீர் மேலும் ஃபில்டர் மேலும் விழும். உண்மையில் பல நேரங்களில் தப்பு, துணை மீன்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கும்.

ஏன் டிஸ்கஸுக்கு மட்டும் இவ்வளவு யோசிக்கணும்?

டிஸ்கஸின் சொந்த ஊர் அமேசான் நதிப் படுகை. ஓட்டம் குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீரில், மூழ்கிய மரங்களின் வேர், கிளைகளுக்கு நடுவே கூட்டமாக வாழும் மீன் இது. 1840-ல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் இதை முதன்முதலில் விவரித்தார். இன்று பண்ணைகளில் வளரும் டிஸ்கஸ் பலவகைத் தண்ணீருக்குப் பழகிவிட்டது. ஆனால், சூட்டுத் தேவை மாறவில்லை. தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பெரும்பாலான அலங்கார மீன்களுக்கு இது அதிகம்.

"சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் தொட்டி இருந்தால் தண்ணீரும் குளிரும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் கட்டாயம்.

முதல் சோதனை: சூடு தாங்குமா?

நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், நியானுக்கு 20 முதல் 26 டிகிரி வரைதான் சுகம். டிஸ்கஸ் தொட்டியில் அதன் ஆயுள் குறையும். கார்டினல் சூட்டைத் தாங்கும். அடையாளம் சுலபம்: சிவப்புப் பட்டை உடல் நீளத்துக்கும் ஓடினால் கார்டினல், பின்பாதியில் மட்டும் இருந்தால் நியான்.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.6 மட்டுமே. அதனால், டிஸ்கஸ் தொட்டியில் மீன்களை அடைத்து வைப்பது மற்ற தொட்டிகளைவிட ஆபத்து.

இரண்டாவது: சாப்பாட்டில் முந்துமா?

டிஸ்கஸ் நிதானமாகச் சாப்பிடும். பக்கத்தில் டைகர் பார்ப் இருந்தால் தட்டு காலியாகிவிடும். போதாததற்கு துடுப்பையும் கடிக்கும். ஏஞ்சல் மீனும் அமேசான்காரர்தான், சூடும் தாங்கும். ஆனால், சாப்பாட்டில் வேகம், ஜோடி சேர்ந்துவிட்டால் முரட்டுத்தனம். க்ளவுன் லோச் ஒரு அடி வரை வளரும், ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ளவர்ஹார்ன் தனிக்குடித்தனத்துக்கு மட்டுமே லாயக்கு.

மூன்றாவது: தோலைத் தொந்தரவு செய்யுமா?

டிஸ்கஸின் தோலில் சுரக்கும் கோழை சாதாரண விஷயமில்லை. பொரித்த குஞ்சுகள் முதல் சில வாரங்கள் தாய், தந்தை இருவரின் உடலிலும் ஒட்டிக்கொண்டு அதைத்தான் உண்கின்றன. "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனுக்கும் அந்தக் கோழை ருசிதான். ராத்திரியில் டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒட்டிச் சுரண்டினால் புண்ணாகும், கிருமி புகும்.

சரி, எதைத்தான் விடுறது?

* கார்டினல் டெட்ரா அல்லது ரம்மிநோஸ் டெட்ரா: குறைந்தது 10, 12 சேர்ந்த கூட்டமாக.
* ஸ்டெர்பை கோரிடோரஸ்: சூடு தாங்கும் அடிமட்ட மீன். 6 இருந்தால் நல்லது. அடியில் மெல்லிய மணல் தேவை.
* ராம் சிக்லிட்: ஒரு ஜோடி போதும்.
* பிரிசில்நோஸ் பிளெக்கோ: ஒன்று மட்டும், அதையும் கவனித்துக்கொண்டே.

செர்ரி இறால் விட்டால்? அது டிஸ்கஸுக்கு டிபன்.

எதை வாங்கினாலும் நேரே தொட்டியில் விடக் கூடாது. தனித் தொட்டியில் 4 வாரமாவது வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். 100 ரூபாய் மீன் கொண்டுவரும் ஒட்டுண்ணி, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதைக் கொன்றுவிடும்.

நல்ல துணை இன்னொரு டிஸ்கஸ்தான்

வீட்டில் 2 டிஸ்கஸ், கூடவே 10 வகை மீன் என்பது பலரின் ஆசை. ஆனால், டிஸ்கஸ் கூட்டமாக வாழும் இனம். 2 மட்டும் இருந்தால், வலுவானது மற்றதை விரட்டியே ஓய்த்துவிடும். 5, 6 இருந்தால் அந்த மிரட்டல் பிரிந்துபோகும். அதற்கு 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். துணை மீனுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுவதே சரி.

"எங்க வீட்ல ஏஞ்சலோட ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருக்கு" என்பவர்கள் உண்டு. அனுபவசாலிகளால் அது முடியும். ஆனால், உடல் கறுத்து, துடுப்பை ஒடுக்கி, மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனும் உயிரோடுதான் இருக்கிறது. அதை "நல்லா இருக்கு" என்று சொல்ல முடியாது.

இதில் கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. சென்னை கொளத்தூர் போன்ற பெரிய அலங்கார மீன் சந்தைகளில் தொட்டிக்குத் தொட்டி விலை எழுதி ஒட்டுவதில் சிரமமில்லை என்றால், அந்த மீனுக்கு ஏற்ற வெப்பநிலையையும் அது எவ்வளவு வளரும் என்பதையும் அதே சீட்டில் எழுதலாமே. மீன் பிழைத்தால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

அதுவரை, பணம் கொடுப்பதற்கு முன் கடையில் இதைக் கேளுங்கள்: "இது 29 டிகிரியில வருஷக்கணக்கா இருக்குமா? எவ்வளவு பெருசா வளரும்?" தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்த மீனை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.