ஒப்படைக்கப்படாத சாவிகள்

தொலைவிலுள்ள சேவையகக் கணினிகளுக்குள் நுழைவதற்குக் கடவுச்சொல்லைக் கைவிட்டு மின்னியல் சாவிகளைப் பயன்படுத்துமாறு கணினி வல்லுநர்கள் நீண்டகாலமாக வலியுறுத்தி வருகின்றனர். ஆலோசனை சரியானதே. ஆயினும், பூட்டை மாற்றியதுடன் தமது பொறுப்பு முடிந்துவிட்டதெனக் கருதும் நிர்வாகங்கள் வேறொரு ஆபத்தைத் தேடிக்கொள்கின்றன.

1995ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்தே, அங்கு பணியாற்றிய டாட்டு யிலோனன் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொடர்பு முறையை உருவாக்கினார். அதற்கு முன்னர் பரவலாகப் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை எவ்வித மறைப்புமின்றி அனுப்பிவந்தது. சாவி முறையில் இரகசியம் எதுவும் பயணிப்பதில்லை. இரு சாவிகள் ஒருசேர உருவாக்கப்படுகின்றன. பகிரங்கச் சாவி சேவையகத்தின் கோப்பொன்றில் பதியப்படுகின்றது. அந்தரங்கச் சாவி உரியவரின் கணினியிலேயே தங்கிவிடுகின்றது. அவர் இடும் மின்னியல் ஒப்பத்தைச் சேவையகம் சரிபார்த்து அனுமதிக்கின்றது. சாவி இயங்குவதை உறுதிசெய்த பின்னர் கடவுச்சொல் வழியை அடைத்துவிடவேண்டும். இதனைச் செய்யாமல் விடுவது, முன்கதவுக்கு இரும்புப் பூட்டு இட்டுவிட்டுப் பின்கதவைச் சாத்தி வைப்பதற்கு ஒப்பானது.

இம்முறையின் பலவீனம் எங்குள்ளது என்பதை 2008ஆம் ஆண்டு மே மாதம் உலகம் அறிந்துகொண்டது. டெபியன் இயங்குதளத்தில் 2006ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம், சாவிகளை உருவாக்கும் மென்பொருளின் எழுமாற்றுத் தன்மையை ஏறத்தாழ முற்றாக அழித்திருந்தது. எண்ணிலடங்காதவையாக இருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் சுமார் 32,000 ஆகக் குறுகின. அவை அனைத்தையும் முன்கூட்டியே தயாரித்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது எவருக்கும் இயலுமாயிற்று. மென்பொருளைத் திருத்துவது எளிதாகவே இருந்தது. ஆனால், ஏற்கனவே உருவான சாவிகள் டெபியனைப் பயன்படுத்தாத சேவையகங்களிலும் பதியப்பட்டிருந்தன. தம்மீது தவறேதும் இல்லாத நிறுவனங்களின் கதவுகளும் இதனால் திறந்து கிடந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டில், மென்பொருளாளர்களின் களஞ்சியமான கிட்ஹப்பிலேயே அத்தகைய சாவிகள் கண்டறியப்பட்டு இரத்துச் செய்யப்பட்டன. கணினியே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இதுவெனில், ஏனைய காரியாலயங்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

ஓய்வுபெறும் உத்தியோகத்தர் அலுமாரிச் சாவியை ஒப்படைத்துக் கையொப்பமிட்டே செல்கின்றார். மின்னியல் சாவியை அவ்வாறு ஒப்படைக்க முடியாது. பிரதி எங்கும் இருக்கலாம். சேவையகத்தில் உள்ள பதிவை நீக்குவதே ஒரே வழி. கடவுச்சொல்லுக்குக் காலவரையறை விதித்துப் பழகிய நிறுவனங்கள், வழமையாகக் காலாவதித் திகதியின்றிப் பதியப்படும் சாவிகளை மறந்துவிடுகின்றன. ஒப்பந்த நிறுவனம் வேலையை முடித்துச் சென்றாலும் அதன் ஊழியரின் சாவி தொடர்ந்து ஏற்கப்படும். அச்சேவையகத்தில் இருப்பது நோயாளர் விபரமாகவோ சம்பளப் பட்டியலாகவோ இருக்கலாம்.

காலவரையறையுள்ள சான்றிதழ்களை ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் 2010ஆம் ஆண்டு முதல் ஏற்றுவருகின்றது. அவ்வசதியை நாடாத நிறுவனங்களும் சாவிக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் உரியவர் யார், அவர் இன்னும் பணியில் உள்ளாரா என வினவலாம். அதற்குச் செலவேதும் இல்லை. ஆனால் அக்கேள்வியைக் கணினிப் பிரிவு தனித்து எழுப்ப முடியாது. யார் பணிவிலகினார் என்பதை அறிந்திருப்பது நிர்வாகக் கிளையே. அத்தகவல் சேவையகத்தைப் பராமரிப்பவரை அன்றைய தினமே சென்றடைவதற்கான ஏற்பாடு எத்தனை நிறுவனங்களில் உள்ளது?