இரோசிமாவில் ஒரு குளிர்நாள்: நாம் எதைக் காத்து வைத்தோம்?



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நண்பர்கள் சிலருடன் சப்பான் நாட்டின் ஒசாக்கா நகருக்குச் சென்றிருந்தேன். ஒரு நாளை அவர்கள் கடைத்தெருவுக்கென ஒதுக்கினர். அந்த நாளை நான் இரோசிமாவுக்கென எடுத்துக்கொண்டேன். முன்பின் அறியாத ஊர், மொழியும் தெரியாது, போதாக்குறைக்குக் கடுங்குளிர். "தன்னந்தனியாகப் போய் அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள், ஐயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. இப்பொழுது உண்டு.

பயணத்திற்கு முன் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளச் சென்றேன். தொண்ணூறு வயதைக் கடந்தவர். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். சப்பான் என்றதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சப்பான்காரன் ஊருக்கா போற? எங்க அண்ணன எங்க விட்டாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார். அவருடைய அண்ணன் சயாம் மரண இரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றப்பட்டவர். திரும்பி வரவே இல்லை. பாட்டி விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால், அந்தச் சொல் என்னோடு வானூர்தி ஏறிவிட்டது.

ஒசாக்காவிலிருந்து அதிவேகத் தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரோசிமாவை அடைந்தேன். நிலையத்திலிருந்து டிராம் வண்டி. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் குண்டு வீசப்பட்டது. ஆகஸ்டு 9ஆம் நாளே ஒரு சிறு தொலைவுக்கு டிராம் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆடவர் போருக்குப் போய்விட்டதால் பள்ளி மாணவியர் வண்டி ஓட்டிய காலம் அது.

இறங்கிய இடத்தில் அணுகுண்டுக் குவிமாடம் நின்றது. செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்து, 1915இல் கட்டி முடிக்கப்பட்ட பொருட்காட்சி மண்டபம் அது. இன்று எஞ்சியிருப்பவை சுவர்களும் இரும்புக் கூடும்தாம். 1996இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இடித்துவிடலாம் என்றும் ஒரு காலத்தில் அங்கே குரல்கள் எழுந்தன. இடிக்காமல் காத்தார்கள் என்பதே அந்நகர் எனக்குக் கற்பித்த முதற்பாடம்.

பூங்காவில் அவோகிரி என்னும் மரங்கள் சில நிற்கின்றன. குண்டு வெடித்த இடத்திலிருந்து 1.3 கிலோமீட்டர் தொலைவில் எரிந்தும் பிழைத்தவை. 1973இல் வேரோடு பெயர்த்து இங்கே நடப்பட்டவை. குளிர்காலம் ஆதலால் ஓர் இலைகூட இல்லை. இலையில்லாமையால் அடிமரத்தின் தழும்பு நன்றாகவே தெரிந்தது. வேனிலில் வந்திருந்தால் பசுமையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

நினைவுக் காட்சியகத்தில் என்னை நிறுத்தியது ஒரு சோற்றுப் பெட்டி. நடுநிலைப்பள்ளி முதலாமாண்டு மாணவன் ஒருவனுடையது. அன்று காலை தீத்தடுப்புக்காக வீடுகளை இடித்து அப்புறப்படுத்தும் வேலைக்கு மாணவர்கள் அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களுள் பல்லாயிரவர் மாண்டனர். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை அவன் உண்ணவே இல்லை. அது பெட்டிக்குள் கரியாகிக் கிடக்கிறது. அந்தப் பெட்டியைக் கொண்டுதான் தாய் மகனின் உடலை அடையாளம் கண்டாள்.

ஓய்வு நேர மணியடித்ததும் உணவுப் பெட்டியைத் திறக்கும் என் மாணவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவ்விடத்தைவிட்டு நகர முடியவில்லை. அப்பொழுது மாணவர் குழு ஒன்று ஆசிரியருடன் வந்தது. அவ்வாசிரியர் எதையும் விளக்கவில்லை. மாணவர்கள் பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள், அவர் பின்னால் அமைதியாக நின்றார். பேசியே பழகிய எனக்கு அந்த அமைதியும் ஒரு பாடமாக இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அந்தக் குண்டு விழுந்ததால்தான் நமக்கு விடிவு வந்தது" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1941 திசம்பர் 8இல் கோத்தா பாருவில் சப்பானியப் படை இறங்கியது முதல் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த தலைமுறையின் சொல் அது. அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால், அந்தச் சோற்றுப் பெட்டியின் முன் அச்சொல் என் வாயில் வரவில்லை.

அக்குண்டுக்கு மலாயா மாணவர்களும் இரையானார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சப்பானில் படிக்க அனுப்பப்பட்ட நிக் யூசோப், சையத் ஓமார் இருவரும் மாண்டனர். உயிர் தப்பிய அப்துல் ரசாக் நாடு திரும்பிக் கல்வியாளராக வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

குறையும் கண்டேன். அக்குண்டுக்குப் பலியான கொரியர்களுக்கான நினைவுக்கல் 1970இல் எழுப்பப்பட்டும், பூங்காவிற்கு வெளியேதான் நின்றது. 1999இல்தான் உள்ளே இடம் கிடைத்தது. தம் துயரை நினைப்பது எளிது. தம்மால் துயருற்றோரை நினைப்பது அரிது. இஃது எல்லா நாட்டினருக்கும் பொருந்தும்.

மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. விரல்கள் விறைக்க நினைவு வளைவின் முன் நின்றேன். அதன் அடியிலுள்ள கற்பெட்டிக்குள் இறந்தோர் பெயர்ப்பதிவேடுகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புதிய பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. இன்று 340,000க்கும் மேற்பட்ட பெயர்கள்! பாட்டியின் அண்ணனுக்காகவும் அங்கே ஒரு நொடி கைகூப்பலாம் என்று எண்ணினேன். அப்பொழுதுதான் உறைத்தது: அவர் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் நான்! வெட்கித் தலைகுனிந்தேன்.

1942 - 1943இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா இரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுக்கு அப்படி இல்லை. அவர்களின் பெயர்கள், எஞ்சியிருக்கும் ஒரு சில முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அந்த நினைவும் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது.

"பழைய புண்ணைக் கிளறுவதால் என்ன பயன்? பிள்ளைகளிடம் வெறுப்பை வளர்க்காதா?" என்று சிலர் கேட்கக்கூடும். இரோசிமாவில் நான் வெறுப்பைக் காணவில்லை. கதிர்வீச்சு நோயால் 1955இல் தம் 12ஆம் வயதில் இறந்த சடாக்கோ சசாக்கிக்காக வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சி, 1958இல் சிறுவர் அமைதிச் சின்னமாக எழுந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டன் காகிதக் கொக்குகள் உலகெங்கிலுமிருந்து அந்நகருக்கு வருகின்றன. நினைவு வெறுப்பாக மாறுவதும் அமைதியாக மாறுவதும் கற்பிப்போர் கையில் இருக்கிறது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று:

1. வீட்டிலோ அண்டையிலோ இருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்று, "சப்பான்காரன் காலத்தில் உங்கள் குடும்பத்தில் யாரை இழந்தீர்கள்? அவர் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதிவர மாணவர்களைப் பணியுங்கள்.

2. பால்மரக் கத்தி, பழைய அடையாள அட்டை, மங்கிய நிழற்படம் ஆகியவற்றுக்குப் பள்ளி நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்குங்கள். ஒரு சோற்றுப் பெட்டி செய்ததை நூறு பக்கப் பாடநூல் செய்யாது.

3. கல்விச் சுற்றுலா என்றாலே கேளிக்கைப் பூங்காதானா? ஆண்டுக்கு ஒரு நாளாவது தைப்பிங் போர்க் கல்லறை போன்ற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே கொஞ்சம் பேசாமலும் இருங்கள்.

ஆசிரியர்களே, நீங்களும் ஆண்டில் ஒரு நாள் அறியாத ஊருக்குத் தனியே சென்று பாருங்கள். கூட்டமாகப் போனால் ஊரைப் பார்த்துவிட்டு வருவோம். தனியே போனால் நம்மையும் பார்த்துவிட்டு வருவோம். நண்பரின் கேள்விக்கு என் விடை இதுதான்.

நாடு திரும்பியதும் நேரே பாட்டியிடம் சென்றேன். "அண்ணன் பேரு என்ன, பாட்டி?" என்று கேட்டேன். அவர் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, அண்ணன் தமக்கு ஓலையில் காற்றாடி செய்து தந்த கதையையும் சொன்னார். எண்பது ஆண்டுகளாக யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

அந்தப் பெயரை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன. நீங்களும் கேட்டு எழுதுங்கள், காலம் கடத்தாதீர்கள்.