பெட்டியின்மீது பழியா?

"கார் வாங்குகிறவர் கவலைப்பட வேண்டிய சங்கதி இது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் வேலைக்குப் போகிற நமக்கு இதில் என்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், மின்சாரக் காருக்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற்றும் பெட்டியைச் சுவரில் மாட்டுகிற கை யாருடைய கை? ஒயர்மேன் தோழரின் கை. கடன்பட்டு அந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர் யார்? அவரும் நம்மவரே. ஆகவேதான் இன்று இதைப் பற்றி எழுதுகிறோம்.

அண்மையில் அப்படியொரு ஓட்டுநர் நம்மிடம் வந்தார். குடியிருப்பது வாடகை வீடு. இரவு வண்டியைப் பெட்டியில் மாட்டிவிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பு விளக்கு. பாட்டரியில் ஏறியது எதுவுமில்லை. அன்றைய சவாரி போயிற்று. பெட்டியை விற்றவர், "ஒயரிங் சரியில்லை" என்றார். ஒயரிங் செய்தவர், "பெட்டி மட்டம்" என்றார். வீட்டுக்காரரோ, "யாரைக் கேட்டு மாட்டினாய்?" என்றார். இதற்கிடையே 'விஷயம் தெரிந்த' ஒருவர் வந்து வழி சொன்னாராம்: "நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பி எடுத்து எர்த்தில் முறுக்கிவிடு, பச்சை விளக்கு எரியும்!"

எரியும், ஐயமில்லை. பெட்டியை ஏமாற்றிவிடலாம். மின்சாரத்தை ஏமாற்ற முடியுமா?

சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே அன்று. மின்சாரத்தை மாற்றிப் பாட்டரிக்கு ஊட்டும் கருவி காருக்குள் இருக்கிறது. பெட்டி ஒரு வாயிற்காவலன். எர்த் இருக்கிறதா, மின்னழுத்தம் சரியா, கசிவு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். எர்த் இல்லை என்று கண்டு மறுத்தால், அது தன் கடமையைச் செய்தது என்று பொருள். அந்தக் காவலனையா நாம் வைவது?

கார் ரப்பர் டயர்களின்மேல் நிற்கிறது. அதன் உடம்பில் மின்சாரம் கசிந்தால் மண்ணுக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிற குழந்தைதான் அதற்கு வழியாகும். உண்மையான எர்த் இருந்தால் கசிவு அந்தக் கம்பி வழியே போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். துண்டுக் கம்பி முறுக்கிய வீட்டிலோ, தெருவில் நியூட்ரல் அறுந்தால் போதும், கசிவே இல்லாமல் கார் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். பழைய வீடுகள் பலவற்றில் ஆர்.சி.சி.பி.யும் கிடையாது. அப்புறம் யாரைக் கேட்பது?

ஒயர்மேன் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 32 ஆம்பியர் பெட்டி இழுப்பது ஏழு கிலோவாட்டுக்கு மேல். வெந்நீர் கெய்சர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் ஐந்து, ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி அதற்குத் தாங்காது. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பலகையிலிருந்து தனி இழுப்பு, தனி எம்.சி.பி. வேண்டும். திருகு ஒரு சுற்றுத் தளர்ந்தால் அங்கேதான் சூடேறிக் கருகும். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிய எம்.சி.பி. போட்டு 'சரிசெய்கிற' வழக்கம் ஒன்று இருக்கிறதே, அது தீ வைக்கிற வேலை. ஏ.சி.யும் மோட்டாரும் கூடவே ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் இணைப்பு முனையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் மட்டும் நின்று நடுநிசியில் ஏறினால், அது தெருவின் குறைந்த மின்னழுத்தம். பல பெட்டிகளில் ஆம்பியரைக் குறைத்து வைக்க வழி உண்டு. காரும் குறைவாகவே இழுக்கும்.

இன்னொன்று. சில கார்களின் உள்கருவி 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. அத்தகைய காருக்கு ஏழு கிலோவாட் பெட்டி விற்பது, அரைப்படிப் பாத்திரத்துக்கு ஆறு இஞ்சுக் குழாய் விற்பது போன்றது. வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி வீட்டுக்காரரிடம் வருவோம். வீட்டில் உள்ள மின் இணைப்பிலேயே காருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காகச் சுமையை மறைக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட சுமைக்கு மேல் போனால் மின்வாரியத்தில் மனுக் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். சுவர் அவருடையது, அவரைக் கேட்டுத்தான் துளைபோட வேண்டும். ஒப்புகிறோம். ஆனால் எர்த் குழி காருக்காகவா? குளிர்ப்பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் அது வேண்டாமா? மாதம் தவறாமல் வாடகை வாங்குகிற வீட்டில், மூன்று துளைப் பிளக்கின் மேல் துளை வெறும் அலங்காரமாக இருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வார்? ஒரு குழி, ஒரு குழாய், கொஞ்சம் கரியும் உப்பும், ஒரு பச்சைக் கம்பி, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர்: இதற்கா இத்தனை இழுபறி? ஒரே வீட்டில் நாலு குடித்தனம் இருந்தால் நாலு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

ஓட்டுநருக்கு நாம் சொன்னது இதுதான்: முறுக்கிய துண்டுக் கம்பி இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். குழி வெட்டும்வரை வெளியிலுள்ள பொது நிலையத்தில் ஏற்றுங்கள்; காசு கூடத்தான் ஆகும். உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து எர்த்தைக் கருவி வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தோடு வீட்டுக்காரரிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம், பக்கத்துக் குடித்தனக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.