மதுரையின் சூப்பர் ஹீரோயின்

சூப்பர் ஹீரோயின் என்றதும் பலருக்கு வொண்டர் வுமன் தான் ஞாபகத்துக்கு வருவார். 1941ல் அமெரிக்கக் காமிக்ஸில் பிறந்தவர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மதுரைத் தெருவில் ஒருத்தி ஒற்றைச் சிலம்போடு நடந்திருக்கிறாள். சிம்மக்கல் பக்கம் செல்லத்தம்மன் கோயிலில் அவளுக்குச் சிலையும் உண்டு.

கண்ணகியின் சக்தி எது? பட்டிமன்றத்தில் கேட்டால் "கற்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சிலப்பதிகாரத்தைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அரசவையில் அவள் மந்திரம் எதுவும் போடவில்லை. என் சிலம்பில் மாணிக்கப் பரல் என்கிறாள். பாண்டியன் தன் சிலம்பில் முத்து என்கிறான். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது! காமர்ஸ் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட கதை தான் இது. போனது பணமல்ல, கோவலனின் தலை.

நெருப்பு வருவது அதற்கப்புறம். அதற்கு முன் அவள் செய்வது தான் விசேஷம். தன் ஊரான பூம்புகாரின் பத்தினிப் பெண்கள் ஏழு பேரை வரிசையாக நினைவுகூர்கிறாள். வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சாட்சியாக நிறுத்தியவள், வெள்ளம் கொண்டுபோன கணவனை மீட்ட கரிகாலன் மகள், கணவன் திரும்பும்வரை கல்லாய் நின்றவள்... நானும் அந்த ஊர்க்காரி தான் என்று சொல்லிவிட்டுத் தான் சபதம் போடுகிறாள். அதாவது அவள் தனி ஆள் இல்லை, ஒரு ஊரின் ஞாபகமே அவள் பின்னால் நிற்கிறது. (வன்னி மரம் சாட்சி சொல்லும் கதை மதுரைக்காரர்களுக்கும் புதிதல்ல. திருவிளையாடலில் வன்னி, கிணறு, லிங்கம் மூன்றும் சாட்சிக்கு வருகின்றன.)

நெருப்பு மூட்டும்போதும் அவள் கணக்குப் பார்க்கிறாள். முதியோர், குழந்தைகள், பசுக்கள், அறவோர், பார்ப்பனர், பத்தினிகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்கடவுளிடம் சொல்கிறாள். ஒரு நகரமே எரியும்போது அது எவ்வளவு நடக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி தான். ஆனாலும் குற்றவாளி யார், மற்றவர் யார் என்ற எண்ணமாவது அவளிடம் இருந்தது.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களிடம் அது இல்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, நோய் வந்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வத்தைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை சொல்கிறது. சிலம்பைத் திருடியது ஒரே ஒரு பொற்கொல்லன்! மற்ற ஆயிரம் பேர் செய்த குற்றம் அதே தொழிலில் பிறந்தது மட்டும் தான். இதைக் கண்ணகி கேட்கவே இல்லை. மதுரை எரிந்த பதினான்காம் நாளே சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியிலிருந்து விண்ணுலகம் போய்விட்டாள்.

மெரினாவில் 1968ல் வைத்த கண்ணகி சிலையை 2001ல் எடுத்தார்கள், 2006ல் திரும்ப வைத்தார்கள். அந்த ஐந்து வருடமும் அவள் கற்பையும் தமிழர் மானத்தையும் பற்றி எவ்வளவோ பேச்சு. அந்த ஆயிரம் பேரைப் பற்றி யார் பேசினார்கள்? யாராவது கண்ணகியைக் காமிக்ஸாக வரையப் போகிறார்கள் என்றால் மதுரை எரிவதோடு நிறுத்திவிட வேண்டாம். கொற்கைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கட்டும்.