யார் கருங்காலி?

வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஆலை வாசலில் முதலில் கேட்கும் சொல் 'கருங்காலி'. உண்மையில் கருங்காலி நல்ல மரம், வயிரம் பாய்ந்தது. அதில் கடைந்த உலக்கை எளிதில் தேயாது. இன்று அதையே மாலையாகக் கோத்துக் காசு பண்ணுகிறார்கள்! அந்த மரம் எந்தத் தொழிலாளிக்கும் துரோகம் செய்ததில்லை. வசை வந்தது வேறு வழியில். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தில் ஏமாற்றிப் பிழைத்தவனைப் 'பிளாக்லெக்', அதாவது கறுப்புக் காலன், என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள தொழிலாளர்கள், வேலைநிறுத்தத்தை உடைக்க உள்ளே நுழைகிறவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதுவே தமிழில் கருங்காலியாயிற்று. நம் மண்ணின் பழைய சொல் 'கோடரிக்காம்பு': காட்டை வெட்டும் கோடரிக்குக் காம்பு அந்தக் காட்டு மரமே.

சொல் கூர்மையானது. ஆகவே யார்மீது வீசுகிறோம் என்று பார்த்து வீச வேண்டும்.

1921-ல் சென்னை பின்னி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். விளைவு என்ன? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளியும் தொழிலாளியும் மோதினார்கள். போலீஸ் சுட்டது. வேலைநிறுத்தம் தோற்றது. அவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். நாம் தள்ள மாட்டோம். சேரியில் பிறந்தவன் என்று தங்களை ஒதுக்கி வைத்த சக தொழிலாளியை அவர்கள் எதை நம்பிப் பின்தொடர்வார்கள்? வெள்ளை முதலாளியும் சர்க்காரும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக் கொண்டார்கள், உண்டாக்கியவர்கள் அவர்களல்லர்.

கீழத்தஞ்சையிலும் 1960-களில் கூலி உயர்வு கேட்டவர்களை மடக்க மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். வந்தவர்களும் அரை வயிற்றுக் கூலிகளே.

அப்படியானால் கருங்காலி யார்? சங்கக் கூட்டத்தில் கை தூக்கிவிட்டு, இரவில் பெயர்ப் பட்டியலை மானேஜரிடம் கொடுப்பவன். அவனுக்கு அந்தச் சொல் தகும்.

இன்று கோவை, திருப்பூர் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் விடுதிகளில் அடைந்து கிடக்கிறார்கள். வாசலில் என்ன முழக்கம், எதற்காக என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? அடுத்த வேலைநிறுத்த நோட்டீசை ஒடியாவிலும் இந்தியிலும் அச்சடியுங்கள், தோழர்களே. வேலைநிறுத்தத்திற்கு முந்திய ஞாயிறன்றே அந்த விடுதிகளுக்குப் போய்க் கையில் கொடுங்கள்.